வடக்கு எறவாணம்

இல்லங்க சார், பூட்டெல்லாம் இல்ல. அப்படியே தோளால ஒரு தள்ளு தள்ளுங்க. ம், இன்னும் கொஞ்சம். கீல் எறங்கிப் போச்சு, அதான் தரைய ஒரசுது. தோ, வந்துடுச்சு பாருங்க.

செருப்ப இங்கயே வுட்டுடலாம்ங்க. நீங்க கோயிலுக்குப் போறவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா. நாங்களும் கழட்டித்தான் உள்ள போவோம்.

ஆமாங்க, நான்தான் காலைல போன் பண்ணது. சர்ச் கமிட்டி செக்ரட்டரின்னு சொன்னதும் வயசான ஆளா நெனச்சிருப்பீங்க. இல்லங்க, இந்த ஊர்ல இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவான்னு என்னப் புடிச்சுப் போட்டுட்டாங்க. எங்க வீட்டுல மொதல் மொதல்ல காலேஜ் போனது நான்தான். நைனாவும் அம்மாவும் தறிதான், கூலிக்குப் பட்டு நெய்யறவங்க. நான் ஆரணில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்கறேன். இந்த ஓடு மாத்தற வேலைக்கு எங்க மேலாபீஸு டயோசிஸுக்கு மனு மேல மனு எழுதி வாங்கினவனும் நான்தான். அதையும் மொதல்லயே சொல்லிடறேன். அப்பால நீங்க கமிட்டில வேற யார்கிட்டயாவது கேட்டு, இவனேதான எழுதினான், இவனேதான தடுக்கறான்னு நெனச்சிடக்கூடாது.

தடுக்கலங்க. அந்த வார்த்த தப்பு. தள்ளிப் போடத்தான் கேக்கறேன். திங்கக்கிழமை ஓடு எறக்க ஆளுங்க வருதுன்னு சொன்னீங்க இல்ல, அத மட்டும் கொஞ்சம் தள்ளிக்கலாமான்னு.

எவ்ளோ நாளுன்னு கேட்டீங்கன்னா, அதத்தான் என்னால கரெக்டா சொல்ல முடியல. ஒரு மழை பேயற வரைக்கும்னு வச்சுக்கங்களேன்.

சிரிங்க சார், பரவால்ல. எனக்கே தெரியுது. மழைக்கு முன்னாடி கூரைய முடின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, மழை பெஞ்ச அப்புறம் கூரையப் பிரின்னு எவனாவது சொல்லுவானா. நீங்க வந்தவாசிலேர்ந்து இந்தக் கத்திரி வெயில்ல வண்டி ஓட்டிகினு வந்திருக்கீங்க, நான் பாட்டுக்கு இப்படி ஒண்ண சொல்றேன். ஒரு பத்து நிமிஷம் குடுங்க. சுத்திக் காட்டிடறேன். பாத்துட்டு அப்பால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க.

வாங்க, நடுவுல நில்லுங்க. இப்ப மேல பாருங்க. அந்த உத்திரமெல்லாம் தேக்கு. எங்கிருந்து வந்துச்சோ தெரியாது, சில பேரு பர்மான்றாங்க, சில பேரு ஜவ்வாது மலைன்றாங்க. எழுத்துல ஒண்ணும் இல்லாததால நான் எதையும் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா கரையான் தொட்டதில்ல. நீங்க தகர ஷீட்டு போடும்போது இத அப்படியே வச்சுக்கலாம்னு எஸ்டிமேட்லயே எழுதியிருக்கீங்க, அதப் படிச்சப்ப எனக்கு உங்க மேல ஒரு மரியாதை வந்துச்சு. போன தடவ வந்த கான்ட்ராக்டரு மரத்த எனக்கே குடுத்துடுங்கன்னு கேட்டாரு.

ஜன்னல் எல்லாம் கூரா மேல போவுது பாருங்க, கைய கூப்பின மாதிரி. அது இங்கிலீஷ்காரங்க ஊரு மாதிரி. ஆனா ஜன்னலுக்குக் கீழ இருக்கற அந்தப் பட்டைய பாருங்க, ஒவ்வொண்ணுலயும் கொடி ஓடுது இல்ல, அது நம்ப ஊரு கோபுரத்துல இருக்கறது. கட்டினவங்க எல்லாம் கோயில் வேலை செஞ்சவங்க. பெரிய மேஸ்திரி பேரு எல்லப்பன். அவரு கிறிஸ்தவரு இல்ல. கட்டி முடிச்ச அப்புறமும் ஆவல. கூலி வாங்கிகினு போயி தேசூர் பக்கம் ஒரு அம்மன் கோயில் கட்டினாருன்னு சொல்லுவாங்க.

அவரு பண்ண ஒரு வேலைய சொல்லணும், உங்களுக்கு சிரிப்பு வரும். நீங்க இப்ப நொழஞ்ச வாசல் எந்தப் பக்கம் சொல்லுங்க.

கரெக்ட்டுங்க, கெழக்கு. ஆனா எங்க சர்ச் மொறைப்படி வாசல் மேற்கால இருக்கணும், ஆல்டர், அதான் பலிபீடம், கெழக்கால இருக்கணும். ஜெபம் பண்றவங்க சூரியன் வர்ற தெசையப் பாத்து நிக்கணும். எந்த ஊர்ல போயி பழைய ஆங்கிலிக்கன் கோயில் பாத்தாலும் அப்படித்தான் இருக்கும். இங்க மட்டும் தலைகீழு. இதக் கட்ட வச்ச இங்கிலீஷ் ஐயரு, அதான் பாதிரியாரு, குதிரை ஐயர்னு எங்க ஊர்ல பேரு, ஆரணிலேர்ந்து குதிரையிலதான் வருவாராம், அவரு படத்த வரஞ்சு குடுத்துட்டு காய்ச்சல்ல படுத்துட்டாரு. மலைக்கு அனுப்பிட்டாங்க. எல்லப்பன் மேஸ்திரி படத்த திருப்பித் திருப்பிப் பாத்திருக்காரு. சாமி வீட்டுக்கு மேற்கால வாசலா, ஐயரு ஜொரத்துல மாத்தி வரஞ்சுட்டாரு பாவம், நம்பளே சரி பண்ணிடுவோம்னு கெழக்கால வாசல் வச்சு எழுப்பிட்டாரு. ஐயரு ஒடம்பு தேறி எறங்கி வர்றதுக்குள்ள செவுரு இடுப்பு ஒசரம் வந்துடுச்சு. இடிக்க மனசு வரல அவருக்கு. அப்படியே வுட்டுட்டாரு.

அதனால இன்னாச்சுன்னா, ஞாயித்துக்கிழமை காலை ஆராதனைல வெயிலு நேரா வாசல்ல பூந்து ஆல்டர்ல நிக்கற ஆயரு கண்ணுல அடிக்கும். எந்த ஆயர் இங்க மாத்தலாகி வந்தாலும் பிரசங்கத்த ஜல்தி முடிச்சுடுவாரு. எங்க ஜனங்க எல்லப்பன் மேஸ்திரிய இன்னிக்கும் வாழ்த்தும்.

நீங்க வாட்ச்ச பாக்கறீங்க. தெரியுதுங்க. நான் சுத்தி வளைக்கறேன். ஸ்கூல்லயும் பசங்க இதான் சொல்லுங்க, சார் பாடத்துக்கு வர மாட்டாருன்னு.

இந்தத் தொட்டிய மட்டும் பாத்துடுங்க. இது ஞானஸ்நானத் தொட்டி. ஒரே கல்லு. அடில தாமரை இதழ் செதுக்கியிருக்காங்க, குதிரை ஐயரு வேணாம்னு சொல்லலயாம். கொழந்த பொறந்தா இங்க தூக்கிகினு வருவோம், ஆயர் தலைல தண்ணி ஊத்தி பேரு சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி பேரு வெளிய சொல்றதில்ல. உங்கள்ல புண்ணியதானத்தன்னிக்கு பேரு வைப்பாங்க இல்ல, அது மாதிரின்னு வச்சுக்கங்க. ஆனா எங்களுக்கு அது வெறும் பேரு வைக்கறது மட்டும் இல்லங்க. தண்ணி பட்டாத்தான் சபையில சேந்த கணக்கு. என் தலைலயும் இந்தத் தொட்டித் தண்ணிதான் பட்டுச்சு. நான்சி தலைல இங்க இல்ல, அவ தேசூர்க்காரி. நான்சின்னா என் வூட்டுக்காரி.

இல்லங்க, வீட்டுல இல்ல. அம்மா வீட்டுக்குப் போயிருக்கா.

வெளிய போலாமா. வெயிலுதான், இருந்தாலும் வெளிப்பக்கம் பாத்தாத்தான் புரியும். இப்படி தெக்கால வாங்க, வேப்ப மரத்து நெழலு இருக்கு.

சார், நடந்துகினே ஒண்ணு சொல்லிடறேன். போன்ல உங்ககிட்ட சபையில கல்யாணம் இருக்குது, அதனால தள்ளிப் போடுங்கன்னு சொன்னேன் இல்ல. கல்யாணம் இருக்கறது நெஜம்தான், பரிமளா அக்கா பொண்ணு லாவண்யாவுக்கு. ஆனா அது ஆவணில. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லும்போதே எனக்கு நாக்கு கொழறுச்சு, நீங்க கவனிச்சீங்களோ இன்னாவோ. அப்பால வாட்ஸாப்புல பழைய கட்டடம், போட்டோ எடுத்து வைக்கணும், ஆர்க்கியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கு எழுதப் போறோம்னு அனுப்புனேன். அதுவும் பொய்யில்ல, எழுதலாம்னு ஒரு நெனப்பு இருக்குது. ஆனா இன்னும் யாருக்கும் எழுதல. இந்தக் காரணத்த வச்சு உங்க வேலைய நிறுத்தக் கூடாது. உங்க ஆளுங்க கூலி ஆளுங்க, திங்கக்கிழமை வேலன்னு நம்பிகினு இருப்பாங்க. எங்க நைனாவுக்கு பாவு நூலு வரல, இந்த வாரம் தறி இல்லன்னு மொதலாளி சொல்றப்ப வீட்டுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால பொய்க் காரணம் சொல்லி உங்கள திருப்பி அனுப்பக் கூடாதுன்னுதான் நேர்ல வரச் சொன்னேன்.

சொல்றேங்க. நெஜக் காரணமும் சொல்றேன். மொதல்ல எறவாணத்த பாருங்க.

அதான், ஓடு செவுத்துக்கு வெளிய நீட்டிகினு இருக்குதே. தெக்கால பக்கம் அதுக்குக் கீழ தகரத்துல கால்வா ஓடுது பாருங்க, ஓட்டுத் தண்ணிய அப்படியே புடிச்சு அந்த மூலைல கொழாயில எறக்குது. தெக்கால பக்கம் எல்லாம் ஒழுங்கு. இப்ப இப்படி பின்னால சுத்தி வாங்க. முள்ளு இருக்குது, பாத்து. வடக்கால பக்கம் வந்துட்டோம். மேல பாருங்க. கால்வா இருக்குதா.

இல்ல இல்ல. ஆனா செவுத்துல வரிசையா இரும்புக் கொக்கி நீட்டிகினு இருக்குது. அதத்தான் உங்க எஸ்டிமேட்ல, வடக்குப் பக்கக் கால்வாய் உடைந்து காணாமல் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்னு எழுதியிருக்கீங்க. எல்லா இன்ஜினியரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஆனா அது ஒடையலங்க. கழட்டுனது. கட்டி முடிச்ச மறு வருஷமே கழட்டுனது.

கழட்டச் சொன்னது குதிரை ஐயரோட சம்சாரம்.

அவங்களுக்கு இங்க வந்து மொதல் கொழந்த. பொறக்கும்போதே உசுரில்ல. ஞானஸ்நானம் குடுக்க எங்க நேரம். இப்ப பாருங்க, அவரு ஐயரு. ஊர்ல யாரு செத்தாலும் அவருதான் நின்னு அடக்க ஆராதனை வாசிக்கணும். ஆனா அவரு கைல வச்சிருக்கற ஜெப புஸ்தகத்துலயே போட்டிருக்குது, ஞானஸ்நானம் எடுக்காம செத்தவங்களுக்கு இந்த ஆராதனைய வாசிக்கக் கூடாதுன்னு. மெய்யாலுமே போட்டிருக்குதுங்க, நான் பழைய புஸ்தகத்துல தேடிப் பாத்தேன். அதனால தன் புள்ளைக்கே அவரு வாசிக்கல. கல்லறைத் தோட்டத்துலயும் வைக்கல. சட்டத்த மீறத் தெரியாத மனுஷன். இடுப்பு ஒசரம் வந்த செவுத்த இடிக்க மனசு வராதவருக்கு இதுக்கு மட்டும் எப்படி மனசு வந்துச்சுன்னு நான் எத்தனயோ தடவ நெனச்சிருக்கேன். ஒருவேள அவருக்கும் வரல போல. யாருக்குத் தெரியும்.

அந்த அம்மா எல்லப்பன் மேஸ்திரிய கூப்புட்டு அனுப்புனாங்களாம். அவங்க பொறந்த கிராமத்துல ஒரு வழக்கம் இருந்துச்சாம். இப்படி பேரு இல்லாமப் போன கொழந்தைங்கள கோயில் செவுத்த ஒட்டி, எறவாணத்துக்கு நேர் கீழ மண்ணுல வச்சுடுவாங்க. மழை வரும்போது கோயில் ஓட்டு மேல ஓடி வர்ற தண்ணி கொழந்த மேல வுழும். ஐயரு ஊத்தலன்னா இன்னா, கோயிலே ஊத்துது. அவ்ளோதான். மேஸ்திரிக்கு பாஷையும் தெரியாது, மதமும் வேற. ஆனா அவருக்குப் புரிஞ்சுடுச்சு. அவரே மண்ண எடுத்து, அவரே மேல ஏறி வடக்கால பக்கத்துத் தகரத்தக் கழட்டி எறக்கிட்டாரு. கொக்கிய மட்டும் புடுங்கல, புடுங்கினா செவுரு பேந்துடும்னு வுட்டுட்டாரு.

ஆதாரமா. ஹிஸ்டரி படிச்சவன்கிட்ட சரியாக் கேக்கறீங்க. எழுத்துல ஒரு வரி கெடையாது. ஊரு சொல்லிகினு வருது, அவ்ளோதான். கொக்கி இருக்குது, கால்வா இல்ல. அதத் தவிர எங்கிட்ட வேற ஆதாரம் கெடையாது.

அப்பால ஊரு பொம்பளைங்க அதப் பாத்துகினு இருப்பாங்க இல்ல. ஐயரம்மாவே பண்ணாங்களே, நம்பளும் பண்ணுவோம்னு பண்ணாங்க. இந்த ஊர்ல எந்த வீட்டுலயும் கேளுங்க, யாராவது ஒருத்தரு இங்க இருப்பாங்க. எங்க அம்மாவுக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணு இங்க இருக்குது. மழை வரும்போது பெத்த தாயி இங்க வந்து நனஞ்சிகினு நிக்கும். மொதல் மழை ஓட்டுலேர்ந்து வழிஞ்சு மண்ணுல வுழும்போது, மனசுல வச்சிருக்கற பேர வாய் வுட்டு சொல்லும். அதுக்கு முன்னாடி யாருக்கும் சொல்லாது. புருஷனுக்குக் கூட. சொன்ன அப்புறம்தான் அந்தக் கொழந்த கொழந்த. அது வரைக்கும் வீட்டுல அதப் பத்திப் பேசறப்ப கூட அதுன்னுதான் பேசுவாங்க.

இல்லங்க, இப்ப யாரும் பண்றதில்ல. ஆஸ்பத்திரி வந்த அப்புறம் இப்படிப் போறதே கொறஞ்சு போச்சு. ஆயருங்களும் வேணாம்னுட்டாங்க. இப்ப இருக்கற ஆயர் தங்கமான மனுஷன். அதெல்லாம் பழைய சட்டம்ப்பா, பொறக்காத கொழந்தைக்கும் இப்ப நான் ஜெபம் பண்ணுவேன், கல்லறைத் தோட்டத்துலயே வைக்கலாம், ஆண்டவரு தண்ணியக் கணக்குப் பாத்துகினா இருக்காருன்னு அவரே சொன்னாரு. நானும் அதத்தான் நம்பறேன். படிச்சிருக்கேன் இல்ல. நான் நம்பறத நான் மாத்திச் சொல்லக் கூடாது.

ஆனா நம்பறது வேற, பண்றது வேறயா இருக்குதுங்க.

கால்வா போடாம வுட்டுடறீங்களா. அது பெரிய ஒத்தாசைங்க சார், மெய்யாலுமே. கமிட்டில ஆன்சன் அண்ணனுக்கு மழைத்தண்ணி சேமிப்புன்னு ஒரு ஆசை, ரெண்டு பக்கத் தண்ணியும் தொட்டிக்குப் போவணும்னுவாரு. கூரை உச்சில கலர் லைட்டு சிலுவையும் கேப்பாரு. அவர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அது மட்டும் போதாதுங்க. நீங்க திங்கக்கிழமை ஓட்ட எறக்குனா ஷீட்டு ஏறி முடியறதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆவும். நடுவுல மழை வந்துட்டா கூரை இருக்காது. வானத்துலேர்ந்து நேரா வுழும். அது எல்லார் மேலயும் பேயற மழை. வயலுக்கும் ரோட்டுக்கும் பேயற மழை. கோயில் மேல பட்டு வழியற தண்ணி இல்ல. மொதல் மழைதான் கணக்கு. மொதல் மழை தப்பிடுச்சுன்னா...

தப்பிட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியலங்க. அத யாரும் சொன்னதில்ல. இது வரைக்கும் தப்புனதில்ல.

சார், கொஞ்சம் இந்தாண்ட வந்துடுங்களேன். பாம்பெல்லாம் இல்ல. அங்க மிதிக்க வேணாம்னுதான். டேப்பையும் அங்க வைக்காதீங்க, நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்.

ஆமாங்க. புது மண்ணுதான்.

பைப் லைனுக்கு இல்லங்க. நைனாதான் நோண்டுனாரு. மத்தியானம், ஊரே தறில ஒக்காந்திருக்கற நேரம் பாத்து வந்தாரு. காலு ரெண்டும் தறிக்குழியிலயே இருந்து பழகுனவரு, கடப்பாரை புடிக்கத் தெரியல, கை தோலு உரிஞ்சு போச்சு. நான் குடுங்கன்னு கேட்டேன், குடுக்கல. நீ அதத் தூக்கிகினு நில்லு போதும்னாரு.

யார் மேலயும் தப்பு இல்லங்க. எல்லாம் கரெக்டாத்தான் பாத்தாங்க. டாக்டரம்மா ஸ்கேன்ல வச்சு ரொம்ப நேரம் தேடுனாங்க, அப்பால மெஷின அவங்களே ஆஃப் பண்ணிட்டாங்க. அதுக்கு அப்புறமும் நான்சி பெத்துத்தான் எடுக்கணும்னாங்க. அது எனக்குத் தெரியாதுங்க. எவ்ளோ படிச்சிருக்கேன், அது தெரியாது. வலி வரும், கத்தணும், எல்லாம் அதே மாதிரிதான். பக்கத்து ரூம்ல ஒரு கொழந்த அழுதுச்சு, நான்சி என் மூஞ்சியப் பாத்தா. நம்பளுதோன்னு.

ஒரு துண்டுல சுத்திக் குடுத்தாங்க. அம்மா நான்சிகிட்ட இருந்துட்டாங்க, நான் மட்டும் எடுத்துகினு கெளம்பினேன். தனியா ஒரு ஆட்டோ புடிச்சிருக்கலாம். தோணல. எப்பவும் ஏறற ஷேர் ஆட்டோவுலயே ஏறிட்டேன். மடில வச்சிகினு ஒக்காந்திருக்கேன். ஆரணி உங்களுக்குத் தெரியும் இல்ல, மடில துணி மூட்ட வச்சிகினு ஒருத்தன் போனா அது பட்டுச் சேலைதான், நெய்து அறுத்து கடைக்கு எடுத்துகினு போறான்னு அர்த்தம். எதிர்ல ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாரு. இன்னா தம்பி, சேலையா, எந்தக் கடைக்குன்னு கேட்டாரு. நான் ஆமாங்கன்னேன். ஒண்ணா ரெண்டான்னாரு. ஒண்ணுதாங்கன்னேன். பாத்து, கசங்காமப் புடி, மடிப்பு வுழுந்துட்டா வெலைய கொறச்சுடுவான்னாரு. நான் ரெண்டு கையாலயும் புடிச்சிகினேன்.

நான் யார்கிட்டயும் சீக்கிரம் பொய் சொல்ல மாட்டேங்க.

நான்சிதான் இங்கதான் வைக்கணும்னா. ஆஸ்பத்திரி பெட்லயே சொல்லிட்டா. ஆயர் போன்ல பேசுனாரு, நான் பேசுனேன், ஒண்ணும் கேக்கல. அவ இந்த ஊர்க்காரி கூட இல்ல, கல்யாணமாகி வந்தப்ப இந்தக் கொக்கிய காட்டி இந்தக் கதைய சொன்னவனே நான்தான். ஹிஸ்டரி சாரு பொண்டாட்டிக்கு ஊரச் சுத்திக் காட்டுனேன். ஒரு கதையாத்தாங்க சொன்னேன்.

இப்ப தேசூர்ல இருக்கா. டெய்லி சாயங்காலம் போன் வரும். சாப்டியான்னு கேக்க மாட்டா, எப்ப வரேன்னு கேக்க மாட்டா. அங்க மழையான்னு மட்டும் கேப்பா. இல்லன்னு சொன்னா சரின்னு வச்சுடுவா. மழை வந்தா ஒடனே வண்டி எடுத்துகினு வந்து என்ன இட்டுகினு போன்னு சொல்லியிருக்கா, ஓட்டுத் தண்ணி சொட்டி முடிக்கறதுக்குள்ள வந்துடணுமாம். நேத்து தேசூர்ல நல்ல மழையாம். இங்க மேகம் மட்டும் வந்துச்சு, நான் இங்கயே வந்து நின்னுகினு இருந்தேன், காத்து அடிச்சுது, ரெண்டு சருகு வுழுந்துச்சு, கலஞ்சு போச்சு. பெஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அவ நிம்மதியாத் தூங்குவாளேன்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. சொல்ல முடியல. சொன்னா அவ பேர சொல்லிடுவா. மழை வராமயே சொல்லிடுவா.

இந்த ஓடு விஷயம் அவளுக்குத் தெரியாது. கமிட்டிக்கு இங்க வச்சது தெரியாது. நைனாவுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் ஆயருக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு.

யாருக்குங்க சார் போன் போடறீங்க. மேஸ்திரிக்கா.

...

ரொம்ப தேங்க்ஸ்ங்க. இல்ல, அழல. வெயிலு. டயோசிஸ்ல லேட்டானதுக்குக் கேட்டா நான்தான் காரணம்னு நானே எழுதிக் குடுத்துடறேன், உங்க மேல வராது. இன்னா காரணம்னு எழுதறதுன்னுதான் தெரியல, அத அப்பால யோசிக்கறேன்.

பொண்ணுங்க. பொண் கொழந்த. நெறைய முடி. நான்சி அம்மா ஜாடைன்னு எங்க அம்மா சொன்னாங்க, எனக்கு அந்த ஜாடையெல்லாம் பாக்கத் தெரியல.

பேரா. தெரியாதுங்க சார். அவ இன்னும் எனக்குச் சொல்லல.